பச்சை மரத்தில் தொடங்குங்கள்

மரக் கடைசலில் கிண்ணம் செய்யப் பழக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த லேத் வாங்கலாம், எத்தனை உளி வேண்டும் என்பதைத்தான். இரண்டும் தேவைதான். ஆனால், கடைந்த கிண்ணம் வெடிக்குமா, நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது எந்திரம் அல்ல. மரத்துக்குள் இருக்கும் தண்ணீர். அந்தத் தண்ணீரின் போக்கைக் கற்க, காய்ந்த மரக்கட்டையைத் தேடி அலைவதைவிட, அண்மையில் வெட்டிய பச்சை மரத்தில் தொடங்குவதே மேல். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் மரத்தின் இயல்பு இதற்கு ஆதரவாகவே பேசுகிறது.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. செல்களின் உள்ளறையில் நிற்பது ஒன்று. செல் சுவரோடு பிணைந்திருப்பது மற்றொன்று. மரம் காயும்போது முதலில் வெளியேறுவது உள்ளறை நீர். அப்போது எடை குறையும், அளவு மாறாது. ஈரம், மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகே சுவர் நீர் கிளம்புகிறது. மரம் சுருங்கத் தொடங்குவதும் அப்போதுதான். அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. முற்றிலும் காயும்போது, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் பல மரங்கள் சுமார் 8 சதவீதம் சுருங்குகின்றன. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறக்குறைய அதில் பாதி. இழை ஓடும் நெடுக்குவாட்டிலோ 0.1 முதல் 0.2 சதவீதம்தான். செல் சுவரின் செல்லுலோஸ் நுண்ணிழைகள் பெரும்பாலும் நெடுக்காகவே கிடப்பதால் நீளம் குறைவதில்லை. மையத்திலிருந்து பட்டைக்கு ஓடும் கதிர்ச் செல்கள் அந்தத் திசைச் சுருக்கத்தை ஓரளவு இழுத்துப் பிடிக்கின்றன. அடிமரத்தை முழு வட்டமாக விட்டால் அது மையத்திலிருந்து பிளப்பதற்கும் இந்த ஏற்றத்தாழ்வே காரணம். அதனால்தான் கட்டையை மையத்தின் வழியாக நெடுக்கே இரண்டாகப் பிளந்து, நடுப்பகுதியை நீக்கிவிட்டுக் கிண்ணம் கடைகிறார்கள்.

இப்போது 25 செ.மீ. விட்டமுள்ள கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிளந்த கட்டையில் கடைந்ததால், அதன் விளிம்பில் ஒரு விட்டம் இழையோடு போகிறது, மற்றொன்று இழைக்குக் குறுக்கே. ஈரம் 30 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்கு இறங்கினால், 8 சதவீதச் சுருக்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு நடந்து முடிந்திருக்கும். குறுக்கு விட்டம் 12 மி.மீ. குறையும், நெடுக்கு விட்டம் அப்படியே நிற்கும். வட்டக் கிண்ணம் முட்டை வடிவமாகும். இதற்குக் கைவினைஞர்கள் கண்ட தீர்வு, முதல் கடைசலில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 மி.மீ. கனத்துக்கு விட்டுவைப்பது. காய்ந்த பின் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 6 மி.மீ. கோணியிருந்தாலும், மீண்டும் லேத்தில் ஏற்றி வட்டமாக்க மரம் மிச்சமிருக்கும். அனுபவ விதியும் அறிவியல் கணக்கும் இங்கே ஒத்துப்போகின்றன.

பச்சை மரம் கைக்கும் இதமானது. காயும்போது மரம் இறுகுகிறது. நெடுக்காக அழுத்தினால் அது தாங்கும் வலிமை, பல மரங்களில், பச்சையில் இருந்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்காகிறது. இங்கிலாந்தின் பக்ல்பரியில் 1958-இல் மறைந்த ஜார்ஜ் லெய்லி, காலால் மிதித்து ஓட்டிய லேத்தில், ஒரே எல்ம் கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கிண்ணங்களைக் கடைந்தெடுத்தார். மிதிவிசைக்கு அந்த மரம் இடம் கொடுத்தது அது பச்சையாக இருந்ததால். புதிதாகப் பழகுபவருக்கும் அந்த மென்மை உதவும். உளியின் சாய்முகத்தை முதலில் மரத்தில் படியவைத்து, பிறகு மெல்லத் திருப்பி வாயைப் பதித்தால், ஈரச் சீவல் நீண்ட நாடாவாகச் சுருண்டு விழும். வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்புக்கும், உட்புறத்தை விளிம்பிலிருந்து மையத்துக்கும் வெட்ட வேண்டும். அப்போதுதான் வெட்டுப்படும் ஒவ்வோர் இழைக்கும் பின்னால் தாங்கும் இழை இருக்கும். திசை மாறினால் இழை பிய்ந்து மேற்பரப்பு சொரசொரப்பாகும்.

ஆட்சேபங்களுக்கு வருவோம். பச்சை மரம் வெடிக்குமே என்பது முதலாவது. மேற்பரப்பு காய்ந்து சுருங்கும்போது உள்பகுதி ஈரத்தில் உப்பியே இருப்பதால் வெடிப்பு வருகிறது. உள்ளே குடைந்து, சுவரை ஒரே சீரான கனத்துக்குக் கொண்டுவந்தால் இந்த வேறுபாடு வெகுவாகக் குறையும். இழை வெட்டுப்பட்ட முனைகள் வழியே தண்ணீர் பல மடங்கு வேகமாக வெளியேறும் என்பதால் அங்கே மெழுகு பூசி, கிண்ணத்தைக் காகிதப் பையில், அதன் சீவலோடு வைத்தால் காய்வது நிதானமாகும். காத்திருக்க முடியாது என்பது இரண்டாவது. 10 செ.மீ. கனமுள்ள கட்டை தானே காய ஆண்டுகள் பிடிக்கும்; குடைந்த கிண்ணத்துக்குச் சில மாதங்கள் போதும். வாரம் ஒருமுறை எடை போட்டு, குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். சன்னபட்டணத்தில் வெட்பாலையைக் காயவைத்துத்தானே பொம்மை கடைகிறார்கள் என்பது மூன்றாவது. அங்கே அது சரியே. சிறு பொருள்கள், ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய பாகங்கள், மேலே அரக்குப் பூச்சு; இவற்றுக்கு அளவு மாறாத மரம் வேண்டும். அகன்ற கிண்ணத்தின் தேவை வேறு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை ஈரம் நமக்குத் துணை, ஆனால் முழுக்கவசம் அல்ல. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வகைப்படுத்தியது. ஈரச் சீவலில் நுண்தூள் குறைவு. ஆனால் இரண்டாம் கடைசலிலும் உப்புத்தாள் போடும்போதும் முகமூடி கட்டாயம். 30 செ.மீ. கட்டை நிமிடத்துக்கு 600 சுற்றில் சுழன்றால் விளிம்பு மணிக்கு 34 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. சுற்றை இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. ஈரக் கட்டை கனமானது, ஒருபக்கம் சாய்வது. மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, கட்டை உருண்டையான பிறகே கூட்டுங்கள். முகம் முழுவதையும் மூடும் கவசமின்றி லேத்தை ஓட்டவே கூடாது.

முதல் மரத்துக்கு என் பரிந்துரை, நம் சாலையோரத் தூங்குமூஞ்சி. முற்றிலும் காய்ந்தாலும் அது வளையத் திசையில் சுமார் 3.4 சதவீதமும் மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2 சதவீதமுமே சுருங்குகிறது; ஹவாயில் கிண்ணத்துக்குப் பெயர்பெற்ற மரமும் இதுவே. புயலில் சாயும் இந்த மரங்கள் அறுபட்டு விறகாகப் போவதைப் பார்க்கிறோம். அடுத்த முறை, உரியவர்களிடம் அனுமதி பெற்று ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். அன்றே முனைகளில் மெழுகு பூசி, ஈரம் போகும் முன் கடையத் தொடங்குங்கள்.