ஞாயிறு மதியத்துச் சண்டை

கால்பந்து ரசிகருக்கு ஒரு கிளப் இருக்கிறது, கிரிக்கெட் ரசிகருக்கு ஒரு நாட்டு அணி இருக்கிறது. ஆடுகிறவர்கள் வருவார்கள், போவார்கள், அணி இருக்கும். குத்துச்சண்டையில் அப்படி எதுவும் கிடையாது. இருப்பது ஒரே ஒரு ஆள். அவருடைய நல்ல காலம் மிஞ்சிப்போனால் பத்துப் பதினைந்து வருஷம். பிறகு கால் தளரும், கை பிந்தும், நேற்று வந்த ஒரு பையனிடம் அடிவாங்கி விழுவார். அவரோடு ரசிகரின் ஆர்வமும் முடிந்துபோவதுதான் இயல்பு. ஆனால் நாற்பது ஐம்பது வருஷமாக இந்த விளையாட்டை விடாமல் பார்க்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேட பிலிப்பைன்ஸ் நல்ல இடம். அந்த நாட்டு மக்களின் முதல் காதல் கூடைப்பந்துதான். இருந்தும் நூறு வருஷமாகத் தலைமுறை தலைமுறையாக அங்கே குத்துச்சண்டை ரசிகர்கள் உருவாகிக்கொண்டே இருக்கிறார்கள்.

ரத்த ஆசைதான் காரணம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அது முழுப் பொய்யும் இல்லை. நாக்அவுட்டுக்காக எழுந்து நின்று கத்தாத ரசிகர் யாரும் இல்லை. ஆனால் ரத்தம் மட்டுமே வேண்டுமென்பவருக்குப் பன்னிரண்டு ரவுண்டுச் சண்டை பெரிய தண்டனை. அதில் பாதி நேரம் இருவரும் ஒருவரையொருவர் அளந்துகொண்டே சுற்றுவார்கள். அப்படிப்பட்டவர் நாலைந்து சண்டைக்குள் சேனலை மாற்றிவிடுவார். ஒருவரைப் பார்க்க வரவைப்பது வேறு, ஆயுசுக்கும் உட்காரவைப்பது வேறு. வரவைப்பது பெரும்பாலும் ‘நம்ம ஆள்’ என்ற உணர்வு. உட்காரவைப்பது, சண்டையைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்த பார்வை.

‘நம்ம ஆள்’ என்பதற்கு மேனி பாக்கியாவைவிடப் பொருத்தமானவர் இல்லை. 1978-ல் பிறந்து, வறுமையில் வளர்ந்து, பதின்ம வயதில் வீட்டைவிட்டு மணிலாவுக்குப் போய்த் தெருவில் படுத்தவர். 1995-ல் தொழில்முறைச் சண்டையில் இறங்கியபோது எடை போதாமல் கால்சட்டைப் பையில் கனமான பொருளைப் போட்டுக்கொண்டு தராசில் ஏறியதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அங்கிருந்து எட்டு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வரை போனார். அவர் சண்டை போடும்போது மணிலாத் தெருக்களில் ஈ காக்கை இருக்காது, திருடர்கள்கூட லீவு போட்டுவிடுவார்கள் என்றெல்லாம் எழுதுவார்கள். அதைவிட முக்கியமான ஒரு விஷயத்தை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை: கடிகாரம்.

லாஸ் வேகாஸில் சனிக்கிழமை இரவு என்றால் மணிலாவில் ஞாயிறு மதியம். அமெரிக்கச் சிறுவன் தூங்கப் போகிற நேரத்தில் பிலிப்பைன்ஸ் சிறுவன் சர்ச்சுக்குப் போய்த் திரும்பி, குடும்பத்தோடு சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பான். அப்பா, மாமா, தாத்தா எல்லாரும் வீட்டில். காசு உள்ளவர்கள் தியேட்டரில் டிக்கெட் எடுத்து நேரடியாகப் பார்ப்பார்கள். இல்லாதவர்களுக்கு ஊர்ப் பொதுக்கூடத்திலும் கூரை போட்ட கூடைப்பந்துத் திடலிலும் திரை கட்டுவார்கள். வீட்டுத் தொலைக்காட்சியில் இலவசமாக வரும், ஆனால் விளம்பரங்களோடு தாமதமாக. வானொலியில் மட்டும் நேரடி. அதனால் ஒரு வீட்டில் ஐந்தாவது ரவுண்டு ஓடும்போது பக்கத்து வீட்டு ரேடியோவில் சண்டையே முடிந்திருக்கும். முடிவு தெரிந்தபிறகும் எழுந்துபோகாமல் பார்க்கிற கூட்டம் அது. யார் ஜெயித்தார் என்ற கேள்வி போய்விட்டால் எப்படி ஜெயித்தார் என்பதுதானே மிச்சம்? ரசிகருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

அந்தப் பள்ளியில் கற்பது என்ன என்பதற்கு ஓர் உதாரணம். பாக்கியாவ் இடக்கைக்காரர், வலது காலை முன்னால் வைத்து நிற்பார். வலக்கைக்காரர் இடது காலை முன்னால் வைப்பார். இருவரும் எதிரெதிரே நின்றால் முன்கால்கள் ஒன்றையொன்று மிதிக்கிற மாதிரி வந்துவிடும். தன் முன்காலை எதிராளியின் முன்காலுக்கு வெளிப்பக்கமாகக் கொண்டுபோய் வைப்பவருக்குப் பின்கை நேராக இறங்க வழி திறக்கிறது. இது தெரியாதவருக்கு இரண்டு பேர் சும்மா சுற்றிவருவதாகத் தோன்றும். தெரிந்தவர் கையுறையை விட்டுவிட்டுக் காலைப் பார்ப்பார். காலைப் பார்க்கப் பழகியவரால் இந்த விளையாட்டை விட்டுப் போவது கஷ்டம். அடுத்த சண்டையில் யார் நின்றாலும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், பார்க்க ஏதோ ஒன்று இருக்கும்.

பாக்கியாவும் மெக்சிகோவின் ஹுவான் மானுவேல் மார்க்கெஸும் மோதிய நான்கு சண்டைகள் இதற்கு நல்ல சாட்சி. 2004-ல் முதல் ரவுண்டிலேயே மார்க்கெஸ் மூன்று முறை கீழே விழுந்தார். எழுந்து, அந்த இடக்கை எங்கிருந்து வருகிறது என்று படித்து, சண்டையை டிராவில் முடித்தார். 2008-லும் 2011-லும் பாக்கியாவுக்கு வெற்றி. இரண்டு தீர்ப்பும் இன்றைக்கும் சர்ச்சை. 2012 டிசம்பரில் ஆறாவது ரவுண்டின் கடைசி நொடியில் பாக்கியாவ் அடிக்க முன்னேறிக் காலெடுத்து வைத்தார். மார்க்கெஸின் வலக்கை அரை முழ தூரத்தில் கிளம்பி முகத்தில் இறங்கியது. பாக்கியாவ் குப்புற விழுந்து அசையாமல் கிடந்தார். நாட்டுப்பற்று மட்டுமே ரசிகரை உருவாக்குமானால் கதை அன்றோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் ஹையான் புயல் டாக்லோபான் நகரைத் துடைத்துப்போட்டது. இரண்டு வாரத்தில் மக்காவ் நகரில் பாக்கியாவின் அடுத்த சண்டை. வீடிழந்தவர்கள் டாக்லோபானில் திரை முன்னால் கூடி நின்று அதைப் பார்த்தார்கள்.

இவர்கள் பாக்கியாவ் ரசிகர்களே தவிர குத்துச்சண்டை ரசிகர்கள் இல்லை என்று ஒருவர் மறுக்கலாம். பலர் விஷயத்தில் அது உண்மைதான்; அவர் ஓய்ந்தபோது அவர்களும் ஓய்ந்தார்கள். ஆனால் பாக்கியாவுக்கு முன்பும் வரிசை இருந்திருக்கிறது. 1923-ல் பாஞ்சோ வில்லா நியூயார்க்கில் ஜிம்மி வைல்டை வீழ்த்தி ஆசியாவின் முதல் உலகச் சாம்பியன் ஆனார். 1960-ல் கேப்ரியல் எலோர்டே பட்டம் வென்ற சண்டையோடுதான் மணிலாவின் அரனேட்டா அரங்கமே திறக்கப்பட்டது. எலோர்டேயைப் பார்த்த தாத்தா இல்லாமல் பாக்கியாவைப் பார்த்த பேரன் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த நாடு வாங்கிய நான்கு பதக்கங்களில் மூன்று குத்துச்சண்டையில் வந்தவை. அதில் ஒன்று நெஸ்தி பெட்டேசியோ என்ற பெண்ணின் வெள்ளி. ஆள் மாறியபோதும் பார்வை கைமாறியிருக்கிறது.

ஆளோடு ஆர்வமும் முடிந்துபோகிற சிக்கலை வடசென்னை வேறு விதமாகத் தீர்த்தது. அங்கே சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்தன. ஆள் தோற்கலாம், வயதாகலாம், பரம்பரைக்கு வயதாகாது. கால்பந்து கிளப் செய்கிற வேலையை அது செய்தது. அந்தப் பரம்பரைகளைப் பற்றிய பா. ரஞ்சித்தின் படம் 2021-ல் வந்தபோது, அந்தச் சண்டைகளை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் பக்கம் பிரிந்து வாதாடியதற்கு அந்தப் பெயர்களின் வலுவும் ஒரு காரணம்.

எதிர்த்திசையில் போன நாடு அமெரிக்கா. 1930-களில் ஜோ லூயிஸின் சண்டையை வானொலியில் கேட்க, காசில்லாத கறுப்பின மக்கள் ஒரு கடையில் நெருக்கியடித்து நின்றதை மாயா ஆஞ்சலூ 1969-ல் வெளிவந்த தன்வரலாற்றில் விவரித்திருக்கிறார். அதன்பின் தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை இரவுச் சண்டைகள் 1960-கள் வரை இலவசமாக வந்தன. பிறகு பெரிய சண்டைகள் ஒவ்வொன்றாகக் கட்டணச் சுவருக்குப் பின்னால் போயின. 2015-ல் பாக்கியாவ் – மேவெதர் சண்டையை வீட்டில் தெளிவாகப் பார்க்க அமெரிக்காவில் ஏறக்குறைய 100 டாலர். 46 லட்சம் இணைப்புகள் விற்றன. வியாபாரத்தில் இது சாதனை. ஆனால் தற்செயலாகப் பார்த்து மாட்டிக்கொள்கிற சிறுவனுக்கு அதில் இடமில்லை. நூறு டாலர் கொடுப்பவர் ஏற்கெனவே ரசிகராகவோ வேடிக்கை பார்க்க வந்தவராகவோதான் இருப்பார். இப்போதுதான் யூடியூபில் எல்லாம் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது, ஆனால் அதிகம் ஓடுவது நாக்அவுட் துண்டுகள். அந்த அடிக்கு முந்தின ஐந்து ரவுண்டுகளை வெட்டிவிட்டு அடியை மட்டும் காட்டினால், காலைப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? தேடிப்பிடித்து முழுச் சண்டையைப் பார்க்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களில் பலருக்கு எதைத் தேடுவது என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள்.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. மூளையைச் சிதைக்கும் விளையாட்டை இவ்வளவு பரிவோடு பேசலாமா? தலையில் படும் அடிகளால் சண்டைக்காரர்கள் தள்ளாடித் தடுமாறுவதை ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார். முகமது அலியின் கை நடுங்கியதை உலகமே பார்த்தது. இந்த ஆட்சேபத்துக்கு முழுப் பதில் கிடையாது; இதனாலேயே விலகிப்போன ரசிகர்களும் இருக்கிறார்கள், அவர்கள் செய்ததில் தவறில்லை. நெடுநாள் ரசிகருக்கு ஆபத்து தெரியாது என்பதை மட்டும் ஏற்க முடியாது. 1975 அக்டோபர் 1 அன்று அதே அரனேட்டா அரங்கில் அலியும் ஜோ ஃபிரேசியரும் பதினாலு ரவுண்டு மோதினார்கள். ஃபிரேசியரின் கண் வீங்கி அடைத்திருந்தது. கடைசி ரவுண்டுக்குப் போகிறேன் என்று அவர் துடித்தும் பயிற்சியாளர் எடி ஃபட்ச் விடவில்லை. ரத்தத்துக்காக வந்தவருக்கு அது ஏமாற்றம். பழைய ரசிகர்களோ அலியின் அடிகளைப் போலவே அந்த மறுப்பையும் மறக்காமல் மரியாதையோடு சொல்கிறார்கள்.

2025 ஜூலையில் 46 வயதில் பாக்கியாவ் மறுபடி ரிங்குக்கு வந்தார். எதிரே பட்டத்தை வைத்திருந்த மாரியோ பாரியோஸ். வந்திருக்கவே கூடாது என்றவர்கள் நிறையப் பேர். அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. மணிலாவில் அன்றைக்கும் ஞாயிறு மதியம். தீர்ப்பாளர்களில் இருவர் 114–114 என்றார்கள், ஒருவர் 115–113 என்று பாரியோஸுக்குக் கொடுத்தார். சண்டை டிரா. எந்த ரவுண்டு யாருக்குப் போயிருக்க வேண்டும் என்ற வாதம் அதோடு ஆரம்பமானது.