காத்திருப்பும் ஒரு மிட்டாயும்

குழந்தைகளின் பொறுமையை ஆராய்ந்த சோதனைகளில் மிகவும் பேசப்பட்டது மார்ஷ்மெல்லோ சோதனை. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் உளவியலாளர் வால்டர் மிஷல் இதைத் தொடங்கினார். குழந்தையின் முன் மேசையில் மார்ஷ்மெல்லோ மிட்டாய் போன்ற ஒரு தின்பண்டம். உடனே தின்றால் அது மட்டும்தான். ஆய்வாளர் திரும்பும்வரை பொறுத்தால் கூடுதலாகக் கிடைக்கும்.

மிஷலின் கவனம் குழந்தைகள் காத்திருந்த விதத்தில் இருந்தது. பண்டம் கண்ணெதிரே இருந்தபோது பலர் சீக்கிரமே தோற்றார்கள். அதை மூடிவைத்தபோதும், வேறு விளையாட்டு நினைவுகளில் மனத்தைத் திருப்பியபோதும் அதே வயதுக் குழந்தைகள் நெடுநேரம் தாங்கினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவதைவிடப் பார்வையை மாற்றுவதே பலித்தது. பெரியவர்களுக்கும் இது பயன்படும் உத்திதான்.

பிந்தைய ஆய்வுகளில் பொறுத்தவர்கள் படிப்பில் சிறந்ததாகத் தெரிந்ததும், பொறுமைதான் வெற்றியின் திறவுகோல் என்று உலகம் அவசரப்பட்டு முடிவுகட்டியது!

ஆனால் பின்னர் வந்த ஆய்வுகள் அந்த முடிவைக் கேள்விக்குள்ளாக்கின. 2013இல் வெளியான ஆய்வில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் செலஸ்ட் கிட் குழுவினர், முதலில் சில குழந்தைகளிடம் வாக்குத் தவறினார்கள், மற்றவர்களிடம் வாக்கைக் காப்பாற்றினார்கள்; பிறகு எல்லோருக்கும் இதே சோதனையை வைத்தார்கள். ஏமாந்தவர்கள் சராசரியாகச் சுமார் 3 நிமிடமும், வாக்குக் காப்பாற்றப்பட்டவர்கள் சுமார் 12 நிமிடமும் காத்திருந்தார்கள். சொன்னது கிடைக்காது என்று அனுபவத்தில் அறிந்த குழந்தைக்கு உடனே தின்பதே புத்திசாலித்தனம். 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை டைலர் வாட்ஸ் குழுவினர் ஆராய்ந்தார்கள். குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்தவுடன், காத்திருப்புக்கும் பிற்கால மதிப்பெண்களுக்கும் இருந்த தொடர்பு பெருமளவு குறைந்துபோனது.