நாள் தள்ளியிருந்தது... தோளும் வலித்தது!

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஊரிலிருந்து ஊறுகாய் வரும், பருப்புப்பொடி வரும், கேட்டால் பிரசவ லேகியம்கூட வரும். முகத்தைப் பார்த்தே "ஏண்டி, உடம்புக்கு என்ன?" என்று கேட்கிற அத்தையோ பெரியம்மாவோ மட்டும் வரமாட்டார்கள். அங்கே நம் உடம்பைப் பற்றி நாமேதான் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்திருந்ததால்தான் 2016-ல் சிங்கப்பூரில் பிழைத்தேன்.

அப்போது அங்கே ஒரு கப்பல் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். என் கணவருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூர் பாருவில் வேலை. தினமும் போய் வருவார். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். நாள் தள்ளிப் பதினைந்து நாளாகியிருந்தது. வீட்டிலேயே பரிசோதித்து, இரண்டு கோடுகளைப் பார்த்து, இருவரும் பூரித்துப் போயிருந்தோம். டாக்டரம்மாவைப் பார்க்க அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேரமும் வாங்கியாயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸில், அடிவயிற்றில் வலது பக்கமாகச் சுரீரென்று ஒரு வலி. பக்கத்து மேஜைச் சீனப் பெண் அன்போடு கோடாலித் தைலத்தை நீட்டினாள். (அந்த ஊரில் தலைவலி, வயிற்றுவலி, கொசுக்கடி எல்லாவற்றுக்கும் அதுதான்!) "வாயுவாக இருக்கும், வெந்நீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படு" என்றாள். பாத்ரூமுக்குப் போனேன். லேசாக ரத்தம் பட்டிருந்தது. எழுந்து நின்றதும் கண் இருட்டியது. அதோடு, சம்பந்தமே இல்லாமல் வலது தோள்பட்டை நுனியில் ஒரு குத்தல்.

அந்தத் தோள்வலிதான் எனக்குச் சித்தியை ஞாபகப்படுத்தியது.

என் சித்தி 1987-ல், இருபத்து நாலு வயதில், கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் 'வயிற்றுவலியில்' போனாள் என்றுதான் ஊரில் சொல்வார்கள். ராத்திரி முழுக்க ஓமத் திரவமும் ஒத்தடமும் கொடுத்திருக்கிறார்கள். "தோளு வலிக்குது, தோளு வலிக்குது" என்று அழுதவளுக்குத் தைலம் தேய்த்திருக்கிறார்கள். விடிந்து, வண்டி பிடித்துத் தஞ்சாவூர் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்திருக்கு" என்று சொன்னாராம். நான் சிங்கப்பூருக்குக் கிளம்பும்போது அம்மா சொன்ன புத்திமதிகளில் இதுவும் ஒன்று: "நாள் தள்ளி வயித்துவலி வந்தா, வெந்நீர் குடிச்சுட்டுப் படுத்துடாதே. அப்பவே ஓடு."

ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் மலாய் அம்மாள் (நாங்களெல்லாம் 'மக்சிக்' என்போம், நம் ஊர்ப் பெரியம்மா மாதிரி) என்னைத் தாங்கிப் பிடித்துத் தரையில் படுக்க வைத்து, காலுக்கடியில் தன் கைப்பையை வைத்தார். சீனப் பெண் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐச் சுழற்றி என்னிடமே கொடுத்தாள். "வயிற்றுவலி" என்று ஆரம்பிக்கவில்லை நான். "கர்ப்பம், ஆறு வாரம். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி. தோள் வலிக்கிறது. எழுந்தால் மயக்கம் வருகிறது" என்றேன். ஆஸ்பத்திரி வாசலிலும் இதே நாலு வாக்கியங்கள், கூடவே ரத்த வகை ஓ நெகட்டிவ் என்பதும். வரிசையில் காத்திருக்கச் சொல்லவில்லை. நேரே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாக இருந்தது. வயிற்றுக்குள் ரத்தம். டாக்டர் பெண்மணி படபடப்பே இல்லாமல் விளக்கினார். நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ இப்படி வெளியே தங்கிவிடும். அதில் மிகப் பெரும்பாலும் கருக்குழாயில்தான். பென்சில் தடிமன்கூட இல்லாத அந்தக் குழாயால் வளரும் கருவைத் தாங்க முடியாது. வெடித்துக் கசியும் ரத்தம் வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை உறுத்தும். அதற்கும் தோளுக்கும் நரம்பு வழியில் சம்பந்தம் இருப்பதால், நோவது வயிற்றில் என்றாலும் வலி தோளில் தெரியும்!

"உடனே ஆபரேஷன். கணவர் எங்கே?" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலச்சாலை ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அந்த நேரத்து நெரிசலில் அதைத் தாண்டுவதற்குள் ஒரு சினிமாவே பார்த்துவிடலாம். அவர் அதன் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். போனில், "என்னங்க, கையெழுத்து..." என்று நான் இழுக்க, டாக்டர் குறுக்கிட்டு, "உங்கள் உடம்பு, உங்கள் கையெழுத்துப் போதும்" என்றார். போட்டேன். நம் ஊரில் இன்றைக்கும் பல குடும்பங்களில் இந்தக் கையெழுத்துக்காக ஆண்பிள்ளை வரட்டும் என்று காத்திருப்பதை நினைத்துக்கொண்டேன். சட்டப்படி இங்கேயும் வயது வந்த பெண்ணின் சம்மதம் போதுமே!

வயிற்றில் சிறு துளைகள் போட்டு, வலது குழாயை எடுத்துவிட்டார்கள். என் ரத்தம் நெகட்டிவ் என்பதால் 72 மணி நேரத்துக்குள் 'ஆன்ட்டி-டி' ஊசியும் போட்டார்கள். அடுத்த குழந்தையைக் காப்பதற்கான ஊசி அது. இந்த ஆபரேஷனை 1883-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து டாக்டர் லாசன் டெய்ட் வெற்றிகரமாகச் செய்து காட்டும்வரை, குழாய் வெடித்த பெண்கள் பிழைப்பது அபூர்வம். வெடிப்பதற்கு முன்பே கண்டுபிடித்தால், சிலருக்கு ஆபரேஷனே இல்லாமல் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியால் கரைத்துவிடலாம். ஊசி போட்டபின் மூன்று மாதமாவது மறுபடி கருத்தரிக்கக் கூடாது என்பது நிபந்தனை.

யாருக்கு வரும் என்று கேட்பீர்கள். முன்பு கருக்குழாயில் தொற்றோ ஆபரேஷனோ ஆனவர்கள், புகைபிடிப்பவர்கள், லூப் இருக்கும்போதே கருத்தரித்தவர்கள், குடும்பக் கட்டுப்பாடு செய்தும் நாள் தள்ளியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் எனக்கு இதில் ஒன்றுகூட இல்லை. பாதிப் பேருக்கு அப்படித்தானாம். இன்னொன்று: வீட்டுப் பரிசோதனையின் இரண்டு கோடுகள் கர்ப்பம் என்று மட்டும்தான் சொல்லும், அது எங்கே இருக்கிறது என்று சொல்லாது.

பணம்? வெளிநாட்டுக்காரர்களுக்குச் சலுகைக் கட்டணம் இல்லை. ஆபீஸ் இன்ஷூரன்ஸில் 'கர்ப்பம் சம்பந்தப்பட்டது நீங்கலாக' என்று ஒரு ஷரத்து. இப்படிப் பல பாலிஸிகளில் உண்டு. வேலையில் சேரும்போதே அந்தப் பொடி எழுத்தைத் தேடிப் படித்துவிடுங்கள். உயிர் காக்கச் செய்த அவசர ஆபரேஷன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு பாதிக்குமேல் திரும்ப வந்தது.

உடம்பு மூன்று வாரத்தில் தேறிவிட்டது. மனசு தேற நாளாயிற்று. "ஒன்றரை மாசக் கரு, அதுக்கா இப்படி?" என்றார்கள் சிலர். மக்சிக் மட்டும் ஒன்றும் கேட்காமல், விரால் மீன் ரசம் ஒரு டப்பாவில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். ஆபரேஷன் காயம் ஆற அது கண்கண்ட மருந்து என்பது மலாய்க்காரர்கள் நம்பிக்கை.

ஒரு குழாய் போனாலும் பெரும்பாலோருக்கு மறுபடி கர்ப்பம் தங்குகிறது. பத்தில் ஒருவருக்கு மட்டும் மறுபடி குழாயில் தங்கலாம். அதனால் 2018-ல் நாள் தள்ளியதுமே ஆறாவது வாரம் ஸ்கேனுக்குப் போய்விட்டேன். இந்த முறை உள்ளேதான் இருந்தது. ஊருக்குப் போன் செய்தேன். அம்மா வாழ்த்து எதுவும் சொல்வதற்குமுன் கேட்டது இதுதான்: "தோளு வலி ஒண்ணும் இல்லையே?"