நெய்வேலி அடுப்பில் ஒரு சீமைப் பலகாரம்

சுரங்கத்தில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் வீட்டில் விடிவதற்கு முன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். எங்கள் நெய்வேலி நகரியத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. என் தகப்பனாரின் டிபன் பாக்ஸில் இட்லியோ புளிச்சோறோ எது இருந்தாலும், அதன் பக்கத்தில் ஒரு பொருள்விளங்கா உருண்டையை வைத்து அனுப்புவது என் தாயாரின் வழக்கம். வறுத்த அரிசியும் பயறும் அரைத்த மாவில் சுக்கும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து, முற்றின வெல்லப்பாகை ஊற்றிச் சூட்டோடு சூடாக உருட்டிய அந்த உருண்டை, பல்லுக்குச் சிரமம் கொடுத்தாலும் பசியை நெடுநேரம் அண்டவிடாது. வாரக்கணக்கில் வைத்திருந்தாலும் கெடாது. இதே தேவைக்காக, தானியத்தையும் பாகையும் சேர்த்துப் பிணைக்கும் இதே உபாயத்தை, இங்கிலாந்து தேசத்து ஜனங்கள் வேறொரு தானியத்தையும் வேறொரு பாகையும் கொண்டு செய்துவருகிறார்கள் என்பதும், அந்தப் பலகாரத்துக்கு பிளாப்ஜாக் என்று பெயர் என்பதும் பல வருஷங்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தன.

பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். அமெரிக்காவில் இதே சொல், கல்லில் வார்த்துத் திருப்பிப் போடும் மாவடையைக் குறிக்கும். ஷேக்ஸ்பியர் பெயரால் வழங்கும் ‘பெரிக்ளிஸ்’ நாடகத்தில் வரும்போதும் அதற்குத் தட்டையான ஓர் அடை என்றே பொருள். சென்ற நூற்றாண்டின் முப்பதுகளில்தான் பிரிட்டனில் அந்தப் பெயர், ஓட்ஸோடு வெண்ணெயும் சர்க்கரையும் பாகும் கலந்து, தட்டில் பரப்பி, அவனில் வேகவைத்துத் துண்டு போடும் பலகாரத்துக்கு வந்து சேர்ந்தது. முட்டை கிடையாது, மைதா கிடையாது, சோடா உப்பும் கிடையாது. ஆகவே கேக் பொங்குமோ அமுங்குமோ என்று கவலைப்படுகிறவர்கள் இதைத் தைரியமாகச் செய்யலாம். ஆனால் பாகின் பதம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். கடித்தவுடன் மடமடவென்று நொறுங்குவது ஒரு வகை. ஜவ்வு மிட்டாய் அளவுக்கு இழுபடாமல், அதே சமயம் உடைந்தும் போகாமல், மெல்ல மெல்ல இனிப்பை விட்டுக்கொடுத்துப் பல்லில் லேசாக ஒட்டி விலகுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இரண்டில் அதுவே உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஓட்ஸ் குளிர்ப் பிரதேசத்துத் தானியம். ஈரமும் குளிரும் மிகுந்து கோதுமை செழிக்காத ஸ்காட்லாந்தில் அது ஏழை எளியவர்களின் அன்னமாக இருந்தது; நம் வட இந்தியாவில் அதைப் பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்கே பயிரிடுகிறார்கள். இன்று நம் ஊர் மளிகைக் கடைகளில் அடுக்கியிருக்கும் பொட்டலங்களை, சர்க்கரை வியாதிக்காரர்கள் கஞ்சி காய்ச்சிக் குடிப்பதற்கு உரியவை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒருவகை அவல்தான். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்குவது நம் அவல் என்றால், உமி நீக்கிய ஓட்ஸை நீராவியில் பதப்படுத்தி, இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்குவது அவர்கள் அவல். முழு மணியை நசுக்கினால் தடித்த ரோல்டு ஓட்ஸ். மணியைத் துண்டித்துவிட்டு இன்னும் மெல்லியதாக நசுக்கினால் சீக்கிரம் வேகும் ஓட்ஸ். தடித்ததை மட்டும் போட்டால் துண்டு கையில் உதிரும். மெல்லியதை மட்டும் போட்டால் களிபோல் இறுகும். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால், மெல்லியது குழைந்து பசையாக நின்று தடித்ததைப் பிடித்துக்கொள்கிறது. ஓட்ஸ் கஞ்சி ஆறினால் கொழகொழவென்று கெட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். பீட்டா குளூக்கான் என்னும் நார்ப்பொருள் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வருவது அது. அந்தக் குணமும் இங்கே நமக்குச் சகாயமாகிறது.

இனி பாகுக்கு வருகிறேன். ஆங்கிலேயர் இதற்கு உபயோகிப்பது கோல்டன் சிரப் என்னும் பொன்னிறப் பாகு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆப்ரம் லைல் என்பவர் லண்டனின் கிழக்கே பிளைஸ்டோ என்ற இடத்தில் நிறுவிய சர்க்கரை ஆலையில், சர்க்கரையைச் சுத்திகரித்தபின் எஞ்சி நின்ற பாகை வீணாக்காமல் பக்குவப்படுத்தி, 1883ஆம் வருஷம் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் ஆலைத் தொழிலாளர்களும் அக்கம்பக்கத்தாரும்தான் அதை மரப்பீப்பாயிலிருந்து வாங்கிப் போனார்கள். பச்சையும் பொன்னிறமுமான தகர டப்பாவில் அடைத்து ஊரெங்கும் அனுப்பியது அதற்குப் பின்னர். ஓர் ஆலையின் மிச்சம், அந்த ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்களின் சமையலறையில் முதலில் இடம்பிடித்த இந்த விருத்தாந்தம், ஆலையோடு பிறந்து ஆலையோடு வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதில் மனத்தில் பதியும்.

அந்தப் பாகு இங்கே எப்போதாவது பெரிய நகரத்துக் கடைகளில் அகப்படும், விலையும் அதிகம். ஆனால் எங்கள் ஊரிலிருந்து பண்ருட்டி வழியாகக் கடலூருக்குப் போகிறவர்கள், 1842 முதல் சர்க்கரைத் தொழில் நடந்துவரும் நெல்லிக்குப்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கரும்பு விளைந்து கரும்பாலை எழுந்த ஜில்லாவில் இருந்துகொண்டு கரும்புப் பாகுக்குச் சீமையைப் பார்த்து ஏங்குவானேன்? சர்க்கரையை நீரில் கரைத்துக் காய்ச்சினால், ஆறும்போது மறுபடி படிகமாக உறையப் பார்ப்பது அதன் சுபாவம். ஆறின ஜீராவின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்பதை எல்லாரும் கண்டிருக்கிறோம். அதைத் தடுக்க நாலு துளி எலுமிச்சம்பழச் சாறு விடுவது நம் வீட்டுப் பெண்களின் பழக்கம். புளிப்போடு சேர்ந்து காயும்போது சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாகப் பிரிகிறது. பலவகைச் சர்க்கரை கலந்து நிற்கும் இடத்தில் படிகம் எளிதில் எழாது. போதாததற்கு, பிரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துவைத்துப் பலகாரத்தைக் காயவிடாமல் காக்கிறது. கோல்டன் சிரப்பின் ரகசியம் முழுவதும் இவ்வளவே.

வீட்டில் செய்ய, 50 கிராம் சர்க்கரையில் மூன்று கரண்டி நீர் விட்டு, அடிகனமான பாத்திரத்தில் தேன் நிறம் வரும்வரை காய்ச்சுங்கள். கருகவிட்டால் கசக்கும். அடுப்பைத் தணித்து, 150 மில்லி கொதிநீரை எட்ட நின்று சிறிது சிறிதாக ஊற்றுங்கள். பாகு சீறித் தெறிக்குமாதலால் குழந்தைகள் பக்கத்தில் இருக்கலாகாது. பிறகு இன்னும் 200 கிராம் சர்க்கரையும், வட்டமாக நறுக்கிய ஓர் எலுமிச்சைத் துண்டும் போட்டு, மிகச் சிறு தீயில் கிளறாமல் நாற்பது நிமிஷம் விட்டால், ஆறினபின் தேனைப்போல் நிதானமாக வடியும் பாகு கிடைக்கும். கிளறினால் படிகம் எழும் என்பதை மறக்க வேண்டாம்.

நம் பாட்டிமார் தெர்மாமீட்டரைக் கண்டதில்லை. விரலும் கிண்ணத்துத் தண்ணீருமே அவர்களுக்குக் கருவி. விரல்களுக்கிடையே ஒற்றை நூலாக இழுபட்டால் கம்பிப் பதம். சற்றேறக்குறைய 105 டிகிரி உஷ்ணம். தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வந்தால் அதிரசத்துக்கு ஏற்ற பதம், 115 டிகிரி. தண்ணீரில் விட்டு எடுத்ததைத் தட்டில் போட்டால் கணீரென்று சப்தம் கேட்க வேண்டும் என்பது கடலை மிட்டாய்ப் பதம். 150 டிகிரியை ஒட்டி வருவது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் பல்லில் பட்டதும் முறியும் அழகு இந்தக் கடைசிப் பதத்தால் வருவது. மெத்தென்ற பிளாப்ஜாக்கோ அதிரசப் பதத்தின் பக்கம் நிற்க வேண்டிய பதார்த்தம். அதைக் கடலை மிட்டாய்ப் பதத்துக்கு ஏற்றிவிட்டால் போயிற்று.

இதை நான் கற்றது நஷ்டப்பட்டுத்தான். முதன்முதலில் செய்தபோது, பலகாரம் பிடித்து நிற்க வேண்டுமே என்ற கவலையில், வெண்ணெயும் சர்க்கரையும் பாகும் சேர்ந்த கலவையை அடுப்பிலேயே நன்றாகக் கொதிக்கவிட்டு, அதன்பிறகு ஓட்ஸைக் கொட்டி அவனில் வைத்தேன். வெளியே எடுத்து ஆறவைத்தபோது கத்தி இறங்கவில்லை. கீழ்வீட்டுப் பெரியம்மா, தீபாவளிக்கு எங்கள் வட்டத்தில் பாதி வீடுகளுக்கு அதிரசப் பாகு காய்ச்சிக் கொடுப்பவர், அந்தத் தட்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “பாகை அடுப்புல ஒருக்கா முத்த விட்டுட்டே, அப்பறம் பொட்டிக்குள்ள வச்சு மறுக்கா முத்த விட்டுட்டே. ரெண்டு தடவ வெந்த பாகு கல்லாத்தான் ஆவும், வேற என்னாம்மா ஆவும்?” என்றார். பிளாப்ஜாக்கைப் பற்றி அதுவரை நான் படித்த குறிப்புகள் எதிலும் காரணம் இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கவில்லை. அடுப்பில் வெண்ணெய் உருகி, சர்க்கரை கரைந்தால் போதும். கொதி வரவே கூடாது. பதம் கூட வேண்டியது அவனுக்குள்ளே, ஓட்ஸின் நடுவே.

அளவு இது: வெண்ணெய் 125 கிராம், நாட்டுச் சர்க்கரை 125 கிராம், மேற்சொன்ன பாகு 100 கிராம், ஓட்ஸ் 250 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் விளையும் முந்திரி நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், ஒரு கைப்பிடி உடைத்துச் சேர்ப்பது என் வழக்கம். வெண்ணெய்க்குப் பதில் நெய் விடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். விட வேண்டாம் என்பேன். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு நீர் இருக்கிறது. சர்க்கரை கரைவதற்கு அது வேண்டும். நெய்யில் அது இல்லாததால் சர்க்கரை நறநறவென்று நின்று, நெய் தனியே கசிந்துவிடும். நாட்டுச் சர்க்கரை சுத்தமில்லை என்று தோன்றினால், உருகின கலவையை வடிகட்டிவிட்டு ஓட்ஸைப் போட்டுக் கிளறுங்கள். இருபது சென்டிமீட்டர் சதுரத் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, கலவையைக் கொட்டி, கரண்டியின் பின்புறத்தால் மூலை முடுக்கெல்லாம் அழுத்திப் பரப்ப வேண்டும். அழுத்தாவிட்டால் உதிரும், இடித்து இறுக்கினால் செங்கல்லாகும்.

சூடு விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு பழைய பாத்தியதை உண்டு. 1960களில் இங்கே பழுப்பு நிலக்கரியை அச்சில் அழுத்தி, காற்றுப் படாமல் சுட்டு, லெக்கோ என்ற பெயரில் புகையற்ற கரிக்கட்டியாக வெளியிட்டார்கள். அந்தக் கரி பற்றிக்கொள்ளத் தாமதிக்கும். பற்றிக்கொண்டால் அவசரமில்லாமல் ஒரே சீராக நின்று எரியும். அதன்மேல் மணல் பரப்பிய இரும்புச் சட்டியை வைத்து, மூடிமேலும் நாலு துண்டு கனலைப் போட்டு, என் தாயார் கிறிஸ்துமஸுக்கு அண்டைவீட்டாரோடு சேர்ந்து கேக் சுட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. லெக்கோ கண்ணில் படுவதில்லை. இப்போது சமையலறை மேடையில் சிறிய மின்சார அவன் இருக்கிறது. ஆனால் 1935இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய நீராகத் தலைகாட்டிய அதே பழுப்பு நிலக்கரி, அனல்மின் நிலையத்தில் எரிந்து மின்சாரமாகிக் கம்பி வழியாக வந்துதான், அந்த அவனின் சுருளையும் சிவக்க வைக்கிறது.

அவனை முன்கூட்டியே 160 டிகிரிக்குச் சூடாக்கிக்கொண்டு, தட்டை நடுத்தட்டில் வையுங்கள். இருபது நிமிஷத்துக்குப் பின் கண்ணை அதன்மேலேயே வைத்திருக்க வேண்டும். ஓரங்கள் பொன்னிறமாகி, அங்கே சிறு குமிழிகள் எழுந்து அடங்க, நடுப்பகுதி மட்டும் இன்னும் வெளுப்பாக, விரலால் தொட்டால் அழுந்திக் குழைவதாக இருக்கும். வேகவில்லையே என்று மனம் அடித்துக்கொள்ளும். எடுக்க வேண்டிய நேரம் அதுவே. பாகு சூட்டில் இளகித்தான் இருக்கும்; ஆறும்போதுதான் இறுகும். பெரும்பாலும் 25 நிமிஷத்தில் இந்த நிலை வந்துவிடும். சிறிய அவன்களில் சுருள் பலகாரத்துக்குச் சமீபத்தில் இருப்பதால் இன்னும் முன்னதாகவே வரலாம். எடுத்துப் பத்து நிமிஷம் கழித்துக் கத்தியால் கோடு மட்டும் போட்டுவைத்து, தட்டிலேயே முழுக்க ஆறவிட்டு, பிறகு கோட்டின் வழியே வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உதிரும். கோடு போடாமல் ஆறவிட்டால் கண்டபடி பிளக்கும்.

காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் இருக்கும். ஐப்பசி மழைக் காலத்தில் மட்டும் மூடியைத் திறந்துவைக்காதீர்கள். ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். செய்த அன்றைக்குத் தின்பதைவிட மூன்றாம் நாள் தின்பது ருசி. அதற்குள் ஓட்ஸ் பாகின் ஈரத்தைக் குடித்து, துண்டு முழுவதும் ஒரே பதத்துக்கு வந்திருக்கும்.

அப்படி ஒரு மூன்றாம் நாள் துண்டைக் கீழ்வீட்டுப் பெரியம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொருள்விளங்கா உருண்டை என்றால் உயிர் அவருக்கு; பல் போனபிறகு அதை உரலில் இடித்துத்தான் தின்றுவந்தார். துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். “இதுக்கு ஒலக்கை வேணாம்மா” என்றார். பிறகு, “வாசனைதான் பத்தலை. அடுத்த வாட்டி சுக்கைத் தட்டிப் போடு” என்றார். மறுவாரம் அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி சேர்த்தேன். இஞ்சிப் பொடி கலந்த பிளாப்ஜாக் சீமையிலும் உண்டு என்று பின்னர் படித்தறிந்து பெரியம்மாவிடம் சொன்னபோது, “போடாம எப்பிடித் திம்பாங்க?” என்று கேட்டுவிட்டு, டப்பாவிலிருந்து இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.