ஒழுங்கை ஏன் வளைந்து போகிறது?

யாழ்ப்பாணத்து ஊர்களில் பெரிய வீதியை விட்டு உள்ளே இறங்கினால் ஒழுங்கை வரும். ஒழுங்கை என்றால் வீடுகளுக்கு இடையே போகும் ஒடுக்கமான பாதை. பெயரில் ஒழுங்கு இருக்கிறது, பாதையில் அதைக் காண முடியாது! கொஞ்சத் தூரம் நேரே போகும், பிறகு சட்டென்று திரும்பும். சில ஒழுங்கைகள் யாரோ ஒருவர் வீட்டுப் படலையோடு முடிந்துவிடும்.

ஏன் இப்படி? அங்கே காணியைப் பரப்புக் கணக்கில் அளப்பார்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒருவரிடம் 16 பரப்புக் காணி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 4 பிள்ளைகள். ஆளுக்கு 4 பரப்புக் கொடுக்கிறார். வீதிக்கரைப் பங்கு கிடைத்தவருக்குக் கவலை இல்லை. பின்பங்கில் இருப்பவர் எப்படி வெளியே வருவார்? அதற்காகக் காணியின் எல்லையோடு ஒரு பாதை விடுவார்கள். பேரப்பிள்ளைகளும் காணியைப் பிரித்தால், பாதை இன்னும் நீளும், இன்னும் திரும்பும். அதனால் ஒழுங்கையில் நீங்கள் காணும் முடக்குகளில் பல, யாரோ ஒருவருடைய காணியின் மூலைதான்.

இரண்டு பக்கமும் வேலி. கிளுவை, பூவரசு போன்ற மரங்களின் தடியை வெட்டி நட்டால் அது துளிர்த்து வளரும். அந்தத் தடிதான் கதியால். கதியால்களுக்கு இடையே பனையோலையோ, பின்னிய தென்னோலையான கிடுகோ கட்டி அடைப்பார்கள். வேலி உயரமாக இருப்பதால் முடக்கில் எதிரே வருபவர் தெரியமாட்டார். "மணி அடிச்சுக்கொண்டு போ தம்பி!" என்று அம்மம்மா படலையில் நின்று சத்தம் போடுவார்.

ஓலை உக்கிப் போகும். அதனால் வேலியைத் திரும்பத் திரும்ப அடைக்க வேண்டும். அப்போதுதான் சண்டை வரும். சிலர் கதியாலை ஒரு சாண் வெளியே தள்ளி நடுவார்கள். முன்வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "என்ன, ஒழுங்கையையும் உங்கடை வளவுக்குள்ளை எடுத்துப்போட்டியளோ?" என்று கேட்பார். பிறகு அவரும் ஒரு சாண் தள்ளுவார். கடைசியில் மாட்டுவண்டி போன இடத்தில் சைக்கிள்தான் போகும்.

ஆனால் பக்கத்து வீட்டு வேலியில் ஒரு பொட்டு இருக்கும். பொட்டு என்றால் ஆள் குனிந்து நுழையக்கூடிய இடைவெளி. ஒழுங்கையால் சுற்றிப் போகாமல், கறிக் கிண்ணத்தோடு அடுத்த வீட்டுக்குப் போக அதுதான் குறுக்குவழி. இப்போது பல வேலிகள் மதில்களாகிவிட்டன. மதிலுக்கு ஓலை தேவையில்லை. யாரும் அதைத் தள்ளி நடவும் முடியாது. பொட்டும் இல்லை.

உங்கள் அம்மம்மாவோ தாத்தாவோ அந்தப் பக்கத்து ஆட்கள் என்றால் கேட்டுப் பாருங்கள்: "உங்கடை வேலியிலை பொட்டு எங்கை இருந்தது?"