மீதியில் இருக்கிறது காவல்

ஒன்பதாம் வகுப்பில் பல்லுறுப்புக்கோவைகளை வகுக்கச் சொல்லித் தருகிறோம். ஈவு இது, மீதி இது என்று எழுதினால் மதிப்பெண். இந்தக் கணக்கு வெளியுலகில் எங்கே வருகிறது என்று கேட்கும் மாணவருக்குத் தயங்காமல் காட்டக்கூடிய இடம் ஒன்று உண்டு: வைஃபை. அதில் வரும் ஒவ்வொரு தரவுத் துண்டும் பழுதின்றி வந்ததா என்பதை இந்த வகுத்தல்தான் சோதிக்கிறது. ஈதர்நெட் கேபிளிலும், ஜிப் கோப்பிலும், பிஎன்ஜி படத்திலும் இதே சோதனைதான். பெயர் சிஆர்சி. இதை வகுத்துத் தந்தவர் அமெரிக்கக் கணிதவியலாளர் வெஸ்லி பீட்டர்சன்; 1961-இல் டி.டி. பிரவுனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம்.

செய்தி 1101 என்று வைத்துக்கொள்வோம். இந்த இலக்கங்களையே கெழுக்களாகக் கொண்டால் x³ + x² + 1 கிடைக்கும். வகுக்கும் கோவை x³ + x + 1. மீதிக்கு இடம் வேண்டும் என்பதால் செய்தியை x³ ஆல் பெருக்குகிறோம்: x⁶ + x⁵ + x³. இனி வழக்கமான நீள் வகுத்தல்தான், ஒரே ஒரு மாற்றத்துடன்: இங்கே 1 + 1 = 0. ஆகவே கூட்டலும் கழித்தலும் ஒன்றே. கடன் வாங்குவதும் இல்லை. மின்சுற்றுக்கு இவ்வளவு எளிதான வகுத்தல் வேறில்லை. ஈவு x³ + x² + x + 1, மீதி 1. இந்த மீதியை 001 என்று செய்தியின் பின்னால் ஒட்டி, 1101001 என அனுப்புகிறோம்.

பெறுபவர் அதே கோவையால் மறுபடி வகுக்கிறார். மீதி பூஜ்ஜியம் என்றால் செய்தியை ஏற்கலாம். வழியில் மூன்றாம் இலக்கம் மாறி 1111001 என்று வந்திருந்தால் மீதி x² + x, பழுது தெரிந்துவிடும். பாடத்தில் பெரிதாகத் தெரியும் ஈவை இங்கே யாரும் தொடுவதே இல்லை. வேலை முழுவதும் மீதியுடையது.

ஈதர்நெட்டில் வகுக்கும் கோவையின் படி 32. தொடர்ச்சியாக 32 பிட் நீளத்துக்குள் விழும் எந்தப் பழுதும் அதனிடம் தப்பாது. அதைவிடப் பெரிய பழுது மீதியே இல்லாமல் தப்பிவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 429 கோடியில் ஒன்று. ஆனால் இது தற்செயலான பழுதுகளுக்கு மட்டுமே காவல். வேண்டுமென்றே செய்தியைத் திருத்துபவர் புதிய மீதியையும் கணக்கிட்டு ஒட்டிவிட முடியும். அவரைத் தடுக்க வேறு முறைகள் வேண்டும்.

கணித ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 1101001-ஐக் கரும்பலகையில் எழுதி, ஏழு இலக்கங்களில் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றி வகுக்கச் சொல்லுங்கள். ஏழு மாற்றங்களுக்கும் ஏழு வெவ்வேறு மீதிகள் வரும். அப்படியானால் பழுதான இலக்கம் எது என்பதையும் மீதியே சொல்லிவிடும். அதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்; ஒரு பாடவேளை போதும்.