கோட்டை, பழஞ்சின்னங்கள் அருகில் வீடு உள்ளவர்கள் கவனத்திற்கு



நம் டிரஸ்ட் அலுவலகத்திற்கு அடிக்கடி வரும் கேள்வி: "கோட்டைக்குப் பக்கத்தில் வீடு, மாடி எடுக்கலாமா?" மகளின் நிகாஹுக்கு முன் ஓர் அறை போட்டுவிடலாம் என்று கம்பி கட்டிய பிறகு நோட்டீஸ் வந்து, வேலை பாதியில் நிற்கும் வீடுகளைப் பார்க்கிறோம். ஆகவே சட்ட நிலையை எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 400-க்கும் மேற்பட்ட சின்னங்கள் உள்ளன. வேலூர்க் கோட்டையும் செஞ்சிக் கோட்டையும் அவற்றில் சேரும். (செஞ்சிக் கோட்டையில் உள்ள சஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசல் நம் முன்னோர் விட்டுச்சென்றதுதான். சின்னம் என்றாலே நமக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறோம்.) மதுரை திருமலை நாயக்கர் மஹால் போன்றவை மாநிலத் தொல்லியல் துறையிடம், 1966-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் உள்ளன. கீழே எழுதுவது மத்திய பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும்.

1958-ஆம் ஆண்டுச் சட்டம் 2010-ல் திருத்தப்பட்டது. அதன்படி சின்னத்தைச் சுற்றி குறைந்தது 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் குறைந்தது 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. கோட்டைச் சுவரிலிருந்து நாடா பிடித்து அளந்து "நமக்கு எட்டாது" என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். அளவு தொடங்குவது சுவரிலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து.

முதல் 100 மீட்டருக்குள் புது வீடு கட்ட முடியாது. பழைய வீட்டை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டவும் முடியாது. பழுது பார்க்கலாம், அதுவும் அனுமதி வாங்கி. 16.06.1992-க்கு முன்பே இருந்த வீடு என்றால் அதற்கு விண்ணப்பிக்கலாம். இங்கேதான் நம் குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. அத்தா, பாட்டனார் காலத்து வீடாக இருக்கும், கையில் ஒரு தாளும் இருக்காது. பாகப்பிரிவினை ஆனதும் பழைய வரி ரசீதுகளைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறோம். 1992-க்கு முந்தைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, கட்டடத்தைக் குறிப்பிடும் பத்திரம் எதுவானாலும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தாய்வீட்டில் பங்குள்ள சகோதரிகளும் நகல் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்த 200 மீட்டரில் புதிதாகக் கட்டலாம், ஆனால் முன் அனுமதி வேண்டும். நகராட்சி பிளான் அப்ரூவல் இதற்கு ஈடாகாது. கொத்தனார் "எல்லாரும் கட்டுகிறார்கள்" என்று சொல்வதும் ஈடாகாது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முத்தவல்லிமார்களும் கவனிக்கவும். பள்ளிவாசல், மதரஸா என்பதற்காக விலக்குக் கிடையாது. மினாரா எழுப்பினாலும் ஹவுளு கட்டினாலும் இதே விதிதான்.

விண்ணப்பம் எழுத உதவி தேவைப்படுவோர் அஸர் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்திற்கு வரலாம். பத்திரத்தின் நகல் போதும், அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.